கைபேசியில் இல்லாததற்குப் பொறுப்பாளி யார்?

2022 அக்டோபர் 1 அன்று புது தில்லியில் 5ஜி சேவையைப் பிரதமர் தொடங்கி வைத்தார். 5ஜி என்று அட்டைப்பெட்டியில் அச்சிட்ட கைபேசிகள் அதற்கு ஈராண்டுகளுக்கு முன்பிருந்தே இந்தியச் சந்தையில் விற்கப்பட்டு வந்தன. அந்தச் சொல்லுக்காகவே கூடுதல் விலை கொடுத்தவர்கள் பலர். ஆனால் சேவை தொடங்கிய நாளில் அவர்களில் பெரும்பகுதியினரின் கையிலிருந்த கருவி 5ஜி அலைவரிசையைத் தொடவில்லை. காரணம் கேட்டவர்களுக்கு இரண்டு விடைகள் கிடைத்தன. வலைப்பின்னல் ஆயத்தமாக இருக்கிறது, கைபேசி நிறுவனம்தான் மென்பொருளைத் திறந்துவிட வேண்டும் என்றது தொலைத்தொடர்பு நிறுவனம். கருவி ஆயத்தமாக இருக்கிறது, ஒவ்வொரு வலைப்பின்னலிலும் சோதனை முடிந்த பின்னரே மென்பொருள் அப்டேட் வரும் என்றது கைபேசி நிறுவனம். இரண்டுமே பொய்யல்ல. இரண்டில் எதுவும் பணம் கொடுத்தவருக்குப் பயன்படவுமில்லை.

அந்தத் தகராறு விரைவிலேயே தீர்ந்தது. அக்டோபர் 12 அன்று தொலைத்தொடர்புத் துறையும் மின்னணு மற்றும் தகவல் தொழில்நுட்ப அமைச்சகமும் உற்பத்தியாளர்களையும் சேவை நிறுவனங்களையும் அழைத்துப் பேசின. டிசம்பருக்குள் முதன்மையான நிறுவனங்களின் அப்டேட்டுகள் வந்துவிட்டன. அரசு விரும்பினால் இரு தரப்பையும் ஒரே மேசையில் அமர்த்தி, சில வாரங்களில் முடிவு காண முடியும் என்பதற்கு இது சான்று. ஆனால் அதே அமைச்சகம், அதே உற்பத்தியாளர்களிடம், அதற்கடுத்த ஆண்டு எழுப்பிய மற்றொரு கோரிக்கை இன்றுவரை கட்டாயமாக்கப்படவில்லை. அது பண்பலை வானொலி பற்றியது. இவ்விரண்டு நிகழ்வுகளுக்கும் இடையிலுள்ள வேறுபாடு, கைபேசியில் எது இருக்க வேண்டும், எது இருக்கக் கூடாது என்பதை யாருடைய தேவை தீர்மானிக்கிறது என்பதைக் காட்டிவிடுகிறது.

மூன்று பூட்டுகள்

ஒரு கைபேசியில் ஒரு வசதி வேலை செய்வதற்கு மூன்று பூட்டுகள் திறக்கப்பட வேண்டும். முதலாவது, கருவிக்குள் அதற்குரிய சிப்பும் இணைப்புகளும் இருக்க வேண்டும். இரண்டாவது, கருவியின் மென்பொருள் அந்த வசதியை அனுமதிக்க வேண்டும். மூன்றாவது, வலைப்பின்னல் சார்ந்த வசதி என்றால், சேவை நிறுவனம் அந்தக் கைபேசி வகையைத் தன் அமைப்பில் ஏற்றுக்கொண்டிருக்க வேண்டும். முதல் இரண்டு சாவிகள் உற்பத்தியாளரிடமும் மூன்றாவது சாவி சேவை நிறுவனத்திடமும் இருக்கின்றன. வாங்குபவரிடம் எந்தச் சாவியும் இல்லை. எந்தப் பூட்டு திறக்கவில்லை என்பதைக்கூட அவரால் கண்டறிய முடியாது.

இந்நிலை 5ஜியோடு தொடங்கியதல்ல. 2016 செப்டம்பரில் ஜியோ தன் சேவையைத் தொடங்கியபோது அதனிடம் 4ஜி வலைப்பின்னல் மட்டுமே இருந்தது. குரல் அழைப்பும் அதன் வழியேதான் செல்ல வேண்டும். அன்று மக்கள் கையிலிருந்த 4ஜி கைபேசிகள் பலவற்றில் இணையத்திற்கு 4ஜி உண்டு, குரல் அழைப்புக்கு இல்லை. அவர்கள் தனிச் செயலி ஒன்றைத் தரவிறக்கி அதன் மூலம் பேச வேண்டியிருந்தது. அடுத்த ஆண்டே அந்நிறுவனம் 1,500 ரூபாய் வைப்புத்தொகைக்குத் தன் சொந்தக் கைபேசியைக் கொண்டுவந்தது. அதில் வேறு நிறுவனத்தின் சிம் இயங்காது. வசதியின்மை என்பது நிறுவனத்திற்கு ஒரு சிக்கல் மட்டுமன்று, வாடிக்கையாளரைக் கட்டிப்போடும் வாய்ப்பும்கூட என்பதை அந்த ஓராண்டு காட்டியது.

பொதுத்துறை நிறுவனமான பிஎஸ்என்எல்லின் வாடிக்கையாளர் நிலை இதனினும் மோசமானது. தனியார் நிறுவனங்கள் 2012-இலேயே 4ஜியைத் தொடங்கிவிட்ட நாட்டில், பிஎஸ்என்எல்லுக்கு 4ஜி அலைக்கற்றை ஒதுக்கும் முடிவு 2019 அக்டோபரில்தான் எடுக்கப்பட்டது. அதன் உள்நாட்டுத் தொழில்நுட்ப 4ஜி வலைப்பின்னல் நாடு தழுவிய அளவில் தொடங்கி வைக்கப்பட்டது 2025 செப்டம்பர் 27 அன்று. இத்தனை தாமதமாக வரும் வலைப்பின்னலை, உற்பத்தியாளர்கள் தங்கள் சோதனைப் பட்டியலில் முதலிடத்தில் வைப்பார்கள் என்று எதிர்பார்க்க முடியாது. வாடிக்கையாளர் எண்ணிக்கை மிகுந்த நிறுவனத்துக்கே முதலில் மென்பொருள் வரும் என்பது சந்தையின் விதி. கைபேசியில் 4ஜி குரல் அழைப்பு திறக்கப்படாத வாடிக்கையாளருக்கு அழைப்பு பழைய 2ஜிக்கோ 3ஜிக்கோ இறங்குகிறது. அவர் குறை சொல்வதென்னவோ பிஎஸ்என்எல்லைத்தான். தன்னுடையதல்லாத குறைக்கும் பொதுத்துறை நிறுவனம் வாடிக்கையாளரை இழக்கும் நிலை இப்படித்தான் உருவாகிறது.

காசில்லாமல் கிடைத்த வசதி

பண்பலை வானொலிக்கு மூன்றாவது பூட்டே கிடையாது. அதற்குச் சிம் வேண்டாம், டேட்டா வேண்டாம், ரீசார்ஜ் வேண்டாம். கைபேசியில் வைஃபைக்கும் புளூடூத்துக்கும் பயன்படும் சிப்புகள் பலவற்றில் பண்பலை வாங்கியும் சேர்ந்தே வருகிறது. செருகப்படும் இயர்போன் கம்பியே அதற்கு ஆண்டெனா. பத்தாண்டுகளுக்கு முன் இந்தியாவில் விற்ற விலை குறைந்த கைபேசியிலும் இவ்வசதி இருந்தது. கட்டடத் தொழிலாளியும் இரவுக் காவலரும் வயலில் நிற்கும் விவசாயத் தொழிலாளியும் செய்தியும் பாட்டும் கேட்டது அதன் வழியேதான். விலையுயர்ந்த ஸ்மார்ட்போன்களில் அது முதலில் மறைந்தது. பின்னர் நடுத்தர விலைக் கருவிகளிலும் மறையத் தொடங்கியது. சில கருவிகளில் சிப் உள்ளேயே இருக்கிறது, மென்பொருளில் மட்டும் அடைக்கப்பட்டிருக்கிறது.

அதனால் யாருக்கு ஆதாயம் என்பதை ஒரு சிறு கணக்கு காட்டும். வானொலியை இணையத்தின் வழியே விநாடிக்கு 64 கிலோபிட் வேகத்தில் கேட்டால் ஒரு மணி நேரத்திற்கு ஏறத்தாழ 29 மெகாபைட் டேட்டா செலவாகும். நாளுக்கு நான்கு மணி நேரம் கேட்பவருக்கு மாதம் மூன்றரை ஜிகாபைட் ஆகிறது. காற்றில் இலவசமாக வந்துகொண்டிருக்கும் அதே ஒலிபரப்பைப் பணம் கொடுத்துக் கேட்க வேண்டிய நிலை இது. அகில இந்திய வானொலியைக் கேட்க ‘நியூஸ் ஆன் ஏர்’ செயலி இருக்கிறதே என்று சொல்பவர்கள் இந்த டேட்டாவுக்கான பணத்தை யார் கொடுப்பது என்று சொல்வதில்லை. 2024 ஜூலையில் மூன்று தனியார் நிறுவனங்களும் ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டணங்களை உயர்த்தின. டேட்டா தேவைப்படாதவர்களும் டேட்டாவோடு சேர்ந்த திட்டத்தையே வாங்க நேர்வதால், குரல் அழைப்புக்கும் குறுஞ்செய்திக்கும் மட்டுமான தனித் திட்டத்தைத் தர வேண்டுமென்று 2024 டிசம்பரில் டிராய் ஒழுங்குவிதியே கொண்டுவர வேண்டியிருந்தது. மக்கள் கேட்காத டேட்டாவை அவர்கள் தலையில் கட்டும் சந்தையில், டேட்டா வேண்டாத ஒரு வசதி கைபேசியிலிருந்து மறைவதைப் பற்றிக் கவலைப்படும் நிறுவனம் எதுவும் இருக்கப் போவதில்லை.

இது நிறுவனங்கள் கூடிப் பேசித் தீட்டிய சதித்திட்டம் என்று கருத வேண்டியதில்லை. அதற்குச் சான்றும் தேவையில்லை. ஒரு வசதியைத் தருவதால் எவருக்கும் இலாபமில்லை, நீக்குவதால் எவருக்கும் தண்டனையில்லை என்றால், அது தானாகவே உதிர்ந்துவிடும். சந்தையின் இயல்பான இயக்கமே போதுமானது.

அமெரிக்காவில் நடந்த பந்தாட்டம்

இதே கேள்வி அமெரிக்காவில் முன்பே எழுந்தது. அங்கு கைபேசிகளின் பெரும்பகுதி சேவை நிறுவனங்களின் கடைகள் வழியே, அவற்றின் ஒப்பந்தங்களோடு விற்கப்பட்டன. எனவே சேவை நிறுவனம் கேட்கவில்லை, அதனால் பண்பலையைத் திறக்கவில்லை என்று உற்பத்தியாளர் சொல்ல முடிந்தது. வானொலி நிலையங்களின் நீண்ட முயற்சிக்குப் பிறகு, 2013-இல் ஸ்பிரிண்ட் நிறுவனம் தான் விற்கும் குறிப்பிட்ட கைபேசிகளில் பண்பலையைத் திறக்க இசைந்தது. அதுவும் அந்த வருவாய்க்கு வானொலித் துறை ஈடு தர ஒப்புக்கொண்ட பின்னரே. ஏடி அண்ட் டி, டி-மொபைல் ஆகியவை 2015-இல் இசைந்தன. ஏற்கெனவே கருவிக்குள் இருக்கும் ஒன்றைத் திறப்பதற்குப் பேரம் பேச வேண்டியிருந்தது.

2017 செப்டம்பரில் மரியா சூறாவளி போர்ட்டோ ரிக்கோ தீவைச் சூறையாடியபோது அங்கிருந்த கைபேசி டவர்களில் 90 சதவீதத்திற்கும் மேற்பட்டவை செயலிழந்தன. ஐபோனில் பண்பலையைத் திறந்துவிடுமாறு அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையத்தின் அன்றைய தலைவர் அஜித் பாய் ஆப்பிள் நிறுவனத்துக்கு வெளிப்படையாக வேண்டுகோள் விடுத்தார். ஐபோன் 7, 8 ஆகியவற்றில் பண்பலைக்கான சிப்போ ஆண்டெனாவோ இல்லை, எனவே திறப்பதற்கு எதுவுமில்லை என்று அந்நிறுவனம் விடையளித்தது. மென்பொருளில் அடைக்கப்பட்டிருந்தவரை அது திறக்கக்கூடிய பூட்டு. வடிவமைப்பிலேயே நீக்கப்பட்ட பின்னர் பூட்டும் இல்லை, கதவும் இல்லை. பேரிடர் வந்த பின்னர் கேட்கப்படும் வேண்டுகோள் பயனற்றது என்பது அந்த அனுபவத்தின் பாடம்.

இந்தியாவில் இந்தப் பந்தாட்டத்திற்கே இடமில்லை. இங்கு பெரும்பாலான கைபேசிகள் எந்தச் சேவை நிறுவனத்துக்கும் கட்டுப்படாமல், திறந்த சந்தையில் முழு விலைக்கு விற்கப்படுகின்றன. சேவை நிறுவனம் தடுத்தது என்று உற்பத்தியாளர் சொல்வதற்கு இங்கே வழியில்லை. பண்பலையைப் பொறுத்தவரை முழுப் பொறுப்பும் உற்பத்தியாளருடையது. அந்தப் பொறுப்பைச் சட்டமாக்காத பொறுப்பு ஒன்றிய அரசினுடையது.

ஆலோசனையும் ஆணையும்

2023 ஏப்ரல் 28 அன்று 100 வாட் திறனுள்ள 91 பண்பலை ஒலிபரப்பிகளைப் பிரதமர் தொடங்கி வைத்தார். மக்களின் வரிப்பணத்தில் அமைந்தவை அவை. அதே நாட்களில்தான் மின்னணு அமைச்சகம் உற்பத்தியாளர் சங்கங்களுக்கு ஓர் அறிவுறுத்தலை அனுப்பியது: பண்பலை வாங்கி உள்ள கைபேசிகளில் அதை முடக்கக் கூடாது, இல்லாதவற்றில் சேர்க்க வேண்டும் என்று. ஒலிபரப்பியைப் பொதுப்பணத்தில் நிறுவிவிட்டு, ஒலிவாங்கியைத் தனியாரின் நல்லெண்ணத்துக்கு விட்டுவிட்டார்கள். அவ்வாண்டு செப்டம்பரில் டிராய் அமைப்பும், சிப் உள்ள கைபேசிகளில் பண்பலை கட்டாயம் இயங்க வேண்டும், அதைக் கண்காணிக்க நிலைக்குழு வேண்டும் என்று பரிந்துரைத்தது. ஆலோசனை, பரிந்துரை என்ற எல்லையை இரண்டும் தாண்டவில்லை.

கைபேசிக்குள் என்ன இருக்க வேண்டும் என்று ஆணையிடும் அதிகாரம் அரசுக்கு இல்லையா? இருக்கிறது, பலமுறை பயன்படுத்தப்பட்டும் இருக்கிறது. பெண்களின் பாதுகாப்பைக் கருதி 2016-இல் வகுக்கப்பட்ட விதிகளின்படி, 2017 ஜனவரி 1 முதல் அவசர அழைப்புப் பொத்தான் இல்லாத கைபேசியை விற்க முடியாது. சாதாரணக் கைபேசியில் 5 அல்லது 9 என்ற எண்ணை அழுத்திப் பிடித்தால் அவசர உதவிக்கு அழைப்பு செல்ல வேண்டும். இந்திய மொழிகளுக்காகவும் தரநிலை வகுக்கப்பட்டது. அட்டவணையிலுள்ள 22 மொழிகளிலும் செய்தியைப் படிக்கும் வசதி அதன்படி கட்டாயம். 2023 ஏப்ரலில் அறிவிக்கப்பட்ட விதிகள், டவரிலிருந்து ஒரே நேரத்தில் எல்லாக் கைபேசிகளுக்கும் அனுப்பப்படும் பேரிடர் எச்சரிக்கையைப் பெறும் வசதியைக் கட்டாயமாக்கின. அவ்வாண்டு நாடெங்கும் கைபேசிகள் ஒருசேர அலறிய சோதனைகள் பலருக்கும் நினைவிருக்கும். இவற்றில் எதற்கும் வானம் இடிந்து விழவில்லை, எந்த உற்பத்தியாளரும் நாட்டைவிட்டு ஓடவில்லை.

2025 நவம்பர் இறுதியில் ‘சஞ்சார் சாத்தி’ செயலியை எல்லாப் புதிய கைபேசிகளிலும் 90 நாட்களுக்குள் பொருத்த வேண்டும் என்று தொலைத்தொடர்புத் துறை ஆணையிட்டது. தனியுரிமைக்கு ஆபத்து என்ற எதிர்ப்பு வலுத்ததால் சில நாட்களிலேயே அதைத் திரும்பப் பெற்றது. அதைத் திரும்பப் பெற வைத்தது சரியானதே. ஆனால் அந்த நிகழ்வு ஒன்றைத் தெளிவாக்கியது: மக்கள் கேட்காத செயலிக்கு ஆணை, மக்களுக்குத் தேவையான வானொலிக்கு ஆலோசனை. வானொலி யாரையும் கண்காணிக்காது. யார் கேட்கிறார்கள் என்றுகூட அதற்குத் தெரியாது.

அரசுக்குப் பேரம் பேசும் வலிமையும் குறைவில்லை. 2020 ஏப்ரலில் அறிவிக்கப்பட்ட உற்பத்தி சார்ந்த ஊக்கத்தொகைத் திட்டத்தில், கைபேசி உள்ளிட்ட மின்னணு உற்பத்திக்காக ஏறத்தாழ 41,000 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. இவ்வளவு பொதுப்பணத்தைப் பெறும் துறையிடம், பொதுமக்களுக்கு உதவும் ஒரு சிறு வசதியைக் கேட்பது கொடுங்கோன்மை ஆகாது. காற்றலைகள் பொதுச்சொத்து என்று உச்சநீதிமன்றம் 1995-லேயே தீர்ப்பளித்துள்ளது. பொதுச்சொத்தின் ஒரு பகுதியை ஏலத்தில் எடுத்தவர்களுக்குக் கைபேசியின் கதவு விரியத் திறந்திருக்கிறது. மக்களுக்கென்று ஒதுக்கப்பட்ட பகுதிக்கு அது அடைத்துக் கிடக்கிறது.

டவர் சாய்ந்த பிறகு

பேரிடர் எச்சரிக்கைதான் இப்போது கைபேசிக்கே வந்துவிடுகிறதே, வானொலி எதற்கு என்ற வாதம் உண்டு. புயலுக்கு முன்பு அந்த எச்சரிக்கை பயன்தரும் என்பதில் ஐயமில்லை. புயலுக்குப் பின்பு நிலைமை வேறு. 2019 மே 3 அன்று ஃபானி புயல் ஒடிசாவில் புரிக்கு அருகே கரையைக் கடந்தபோது, எச்சரிக்கையும் வெளியேற்றமும் சிறப்பாகவே நடந்தன. ஆனால் அதன் பின்னர் புரி, குர்தா மாவட்டங்களில் மின்சாரமும் கைபேசித் தொடர்பும் நாட்கணக்கில் துண்டிக்கப்பட்டன. குடிநீர் எங்கே கிடைக்கும், நிவாரண முகாம் எங்கே, எந்தச் சாலை திறந்திருக்கிறது என்பவை அந்த நாட்களின் கேள்விகள். டவர் சாய்ந்தால் டவர் வழியே வரும் எச்சரிக்கையும் சாய்கிறது. ஒவ்வொரு டவரும் சில கிலோமீட்டருக்கே பயன்படும். அவை நூற்றுக்கணக்கில் நிமிர வேண்டும். ஆற்றல் மிக்க ஒரு வானொலி ஒலிபரப்பி, ஜெனரேட்டரின் துணையோடு பல பத்து கிலோமீட்டர் சுற்றளவுக்குச் செய்தி சொல்லும். எத்தனை இலட்சம் பேர் ஒரே நேரத்தில் கேட்டாலும் அதற்கு நெரிசல் இல்லை. தனி வானொலிப் பெட்டி வீட்டிலிருந்து மறைந்துவிட்ட காலத்தில், கையில் எப்போதும் இருக்கும் கருவியே வானொலியாகவும் இருக்க வேண்டும்.

உற்பத்தியாளர்களின் எதிர்வாதங்களையும் எடைபோட வேண்டும். இயர்போன் துளை இல்லாத கைபேசிகளே இப்போது மிகுதி, ஆண்டெனாவுக்கு எங்கே போவது என்கிறார்கள். மின்னேற்றும் துளையில் செருகும் கம்பி இயர்போனையும் ஆண்டெனாவாகப் பயன்படுத்தும்படி வடிவமைக்க முடியும். சிப்பும் இணைப்பும் இல்லாமல் ஏற்கெனவே விற்கப்பட்ட கருவிகளில் மென்பொருளால் வானொலியை வரவழைக்க முடியாது என்பது உண்மை. எனவேதான் விற்றுவிட்ட கருவிக்கும் இனி விற்கப்போகும் கருவிக்கும் வெவ்வேறு விதி தேவைப்படுகிறது. இளைஞர்கள் வானொலி கேட்பதில்லை, தேவை இல்லாததை ஏன் சேர்க்க வேண்டும் என்றும் கேட்கிறார்கள். அவசர அழைப்புப் பொத்தானையும் பெரும்பாலோர் வாழ்நாளில் ஒருமுறைகூட அழுத்துவதில்லை. அதனால் அது தேவையற்றது என்று எவரும் வாதிடுவதில்லை. மேலும், தனியார் பண்பலை நிலையங்கள் சொந்தமாகச் செய்தி ஒலிபரப்பத் தடை விதித்து, வானொலியை வெறும் பாட்டுப் பெட்டியாக்கி வைத்திருப்பதும் அரசே. கேட்க வேண்டிய செய்தியைத் தடுத்துவிட்டு, கேட்பவர் குறைந்துவிட்டார் என்று சொல்வது முறையாகாது.

நான்கு அமைச்சகங்கள், ஒரு நுகர்வோர்

நிறுவனங்கள் இரண்டு ஒன்றையொன்று கைகாட்டுவதற்கு அரசின் அமைப்பே வசதி செய்து கொடுத்திருக்கிறது. கைபேசி உற்பத்தி ஓர் அமைச்சகத்திடம், வலைப்பின்னல் இன்னொன்றிடம், வானொலி மூன்றாவதிடம், நுகர்வோர் குறை நான்காவதிடம். டிராய் தனிநபர் புகார்களை விசாரிப்பதில்லை. தொலைத்தொடர்புச் சேவை பற்றிய புகாரை நுகர்வோர் மன்றம் விசாரிக்கலாமா என்ற பல்லாண்டுக் குழப்பத்திற்கே 2022 பிப்ரவரியில்தான் உச்சநீதிமன்றம் முடிவு கட்டியது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் உற்பத்தியாளர், சேவை தருபவர், விற்பவர் மூவருக்கும் தயாரிப்புப் பொறுப்பை விதிக்கிறது. ஆனால் விற்பவர் வாக்களித்தது கிடைக்காவிட்டால்தான் அது குறை. அட்டைப்பெட்டியில் பண்பலை என்று அச்சிடாதவரை, அது இல்லாதது குறையாகாது. 5ஜி என்று அச்சிட்டவரோ, இந்தியாவில் எந்த நிறுவனத்தின் 5ஜி என்று சொல்லாமலே தப்பிவிடுகிறார். அச்சிட்டதற்கும் அச்சிடாததற்கும் அவர் பொறுப்பில்லை என்ற நிலை நீடிக்கக் கூடாது.

செய்ய வேண்டியவை சிக்கலானவையல்ல. பண்பலை சிப் உள்ள கைபேசிகளில் அதைத் திறந்துவிடும் மென்பொருளைக் குறிப்பிட்ட காலத்துக்குள் உற்பத்தியாளர் தர வேண்டும். குறிப்பிட்ட தேதிக்குப் பின் விற்கப்படும் எல்லாக் கைபேசிகளிலும் பண்பலை கட்டாயமாக வேண்டும். இவ்விரண்டும் ஆலோசனையாக அன்றி, அவசர அழைப்புப் பொத்தானைப் போல விதியாக வகுக்கப்பட வேண்டும். 5ஜி, 4ஜி குரல் அழைப்பு போன்ற வசதிகள் எந்தெந்தச் சேவை நிறுவனத்தில் விற்பனை நாளிலேயே இயங்கும் என்பதைப் பெட்டியின் மேல் இந்திய மொழிகளில் அச்சிட வேண்டும். பிஎஸ்என்எல் வலைப்பின்னலில் சோதனை முடிக்காத கைபேசிக்கு இந்தியச் சந்தையில் இடமில்லை என்ற நிபந்தனை வேண்டும். வசதி இயங்காதபோது உற்பத்தியாளரும் சேவை நிறுவனமும் கூட்டாகவும் தனித்தனியாகவும் பொறுப்பேற்க வேண்டும். குறை யாருடையது என்பதை அவர்கள் தங்களுக்குள் தீர்த்துக்கொள்ளட்டும். பணம் கொடுத்தவர் ஒரே ஒரு கதவைத் தட்டினால் போதுமானதாக இருக்க வேண்டும்.

2022-இல் 5ஜிக்காக இரு தரப்பையும் அழைக்க அரசுக்குப் பதினோரு நாட்கள் போதுமானதாக இருந்தது. அன்று காத்திருந்தது, ஒன்றரை இலட்சம் கோடி ரூபாய்க்கு அலைக்கற்றை வாங்கிய நிறுவனங்களின் வணிகம். பண்பலைக்காகக் காத்திருப்போர் ரீசார்ஜ் செய்ய இயலாதவர்கள், டவர் இல்லாத மலைக்கிராமத்தவர்கள், புயற்பாதையில் குடியிருப்பவர்கள். அவர்களுக்காக அந்த மேசை இன்னொரு முறை கூட்டப்பட வேண்டும். நாடாளுமன்றத்திலும் வெளியிலும் அதற்கான அழுத்தம் எழாதவரை, ஆலோசனைக் கடிதம் கோப்பில் கிடக்கும். அடுத்த புயல் அதற்காகக் காத்திருக்காது.